கொடி நிற்கும் கை

குருசடிமுனையில் கடற்கரை மணல்மேட்டை எப்போதும் ஒருவர் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். விட்டால் அது எழுந்து போய்விடும். பிடிப்பது என்றால் மேட்டையே பிடிப்பதல்ல. மேடு முழுக்கப் படர்ந்திருக்கும் அடப்பங்கொடியின் நுனியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்வதுதான் பிடிப்பது. கயிற்றுக்குப் பின்னால் மாடு வருவதைப்போல, கொடி போகும் இடத்துக்கு மேடும் போகும். நுனி ஒரு கையில் அடங்கியிருக்கும்வரை கொடி நகராது. மேடும் கடலுக்கும் ஊருக்கும் நடுவில் தன் இடத்தில் கிடக்கும்.

இப்போது பிடித்திருப்பவர் இஞ்ஞாசி. வள்ளங்களின் எஞ்சின் பழுது பார்க்கிறவர். ஐம்பதைத் தாண்டிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. இடது கையில் கொடியும் வலது கையில் ஸ்பேனருமாக மேட்டின் மேற்குச் சரிவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். எஞ்சின்களை அவரிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒரு கையால் கழற்ற முடியாத நட்டு இருந்தால், கொண்டுவந்தவரே மறுபக்கம் பிடித்துக்கொள்வார். கொடிக்குத் தாராளமான நீளம் உண்டு. அதை இழுத்துக்கொண்டு கிணற்றடிவரைக்கும், மாதா கோயிலின் பின்வாசல்வரைக்கும் போகலாம். பின்வாசலுக்கு வெளியே நின்றுதான் அவர் பூசை காண்பார். அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைத்தால் கொடி விறைக்கும். முதுகுக்குப் பின்னால் மேடு உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கும் சத்தம் கேட்கும். சாக்கிலிருந்து அரிசி சரிவதைப்போன்ற சத்தம். அவர் திரும்பிவிடுவார்.

கட்டிவைத்துப் பார்க்காமல் இல்லை. ஒருமுறை நுனியைக் கல்தூணில் கட்டினார்கள். தூணும் கூடவே கிளம்பியது. பக்கத்தில் வடக்கூரில் மேட்டைப் பிடித்திருந்தவர் தும்மும்போது கையை விட்டுவிட்டார். அந்த ஊர் மேடு இப்போது டவுன் பஸ் டெப்போவுக்குப் பின்னால் கிடக்கிறது. திருவிழா நாட்களில் ஊர்க்காரர்கள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதற்கு அவர்களை அடையாளம் தெரிவதில்லை. வடக்கூரில் கடல் இப்போது வீடுகளுக்குள் வந்து போகிறது. கதவைத் தட்டிவிட்டுத்தான் வருகிறது, பெரிய தொந்தரவில்லை என்கிறார்கள். ஆனால் சுவரெல்லாம் உப்பு.

கொடி எல்லார் கையிலும் நிற்காது. யாருக்காக யாரும் காத்திருக்கவில்லையோ அவர் கையில்தான் நிற்கும். எங்கோ ஒரு வீட்டிலோ கடையிலோ ஒருவர் ‘இன்னும் ஆளைக் காணோமே’ என்று நினைத்துக்கொண்டிருந்தால் போதும், நுனி விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு போய்விடும். இறுக்கிப் பிரயோஜனமில்லை. அடப்பந்தண்டு தண்ணீர் நிறைந்தது. இலை ஆட்டுக் குளம்பைப்போல இரண்டாகப் பிளந்து தடித்திருக்கும். நசுங்கினால் பால் வரும். பால் பட்ட கையில் அது இன்னும் வேகமாக வழுக்கும்.

இஞ்ஞாசிக்கு முன்னால் சந்தியாகு என்ற கல்யாணம் ஆகாத கிழவர் பிடித்திருந்தார். அவர் இறந்த காலையில் அவருடைய கையிலிருந்து நுனியை எடுத்து, ஊரில் ஒவ்வொருவர் கையிலும் வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு கையிலிருந்தும் அது வழுக்கியது. இஞ்ஞாசி கிரீஸ் கையோடு வந்து வரிசையில் கடைசியாக நின்றார். அவருக்குக் கல்யாணமாகியிருந்தது. வீட்டில் அவர் மனைவி விக்டோரியா மீன்குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். முறைக்காகத்தான் அவர் நின்றார். கொடி அவருடைய உள்ளங்கையில் ஏறி, நாய்க்குட்டி படுப்பதுபோலச் சுருண்டு, அப்படியே இருந்தது.

ஊர் திரும்பி இஞ்ஞாசியின் வீட்டைப் பார்த்தது. விக்டோரியா வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். மத்தியானம் சோற்றை மேட்டுக்கு எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர்தான் கேட்டார்.

“அப்ப நீ எனக்காக ஒரு நாளும் காத்துகிட்டு இருந்ததில்லையா, விக்டோரி?”

“நீரு எப்ப வருவேன்னு ஒரு நாளாவது சொல்லிட்டுப் போயிருக்கீரா?” என்றாள் அவள்.

அது உண்மை. கடலுக்குப் போகிறவன் எப்போது வருவேன் என்று சொல்லக் கூடாது, வீட்டில் இருக்கிறவள் கேட்கவும் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். சொன்னால் கடல் ஒட்டுக்கேட்டுவிடும். இஞ்ஞாசி முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. இருந்தாலும் அவருடைய அப்பா சொல்லாமல் போனார், அதனால் அவரும் சொல்லாமல் போனார். எஞ்சின் பார்க்கப் போனாலும், முடிவெட்டப் போனாலும், டவுனுக்கு வாஷர் வாங்கப் போனாலும் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். கல்யாணமான புதிதில் விக்டோரியா சட்டியை மூடி வைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். நாளாக ஆக அந்தப் பழக்கம் அவளுக்கு விட்டுப்போனது. வந்தால் சோறு போட்டாள். வராவிட்டால் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். இரண்டையும் ஒரே முகத்தோடு செய்தாள்.

மறுநாள் அவள் டவுனில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அப்படிப் போன பெண்ணைப் புருஷன் நேரில் போய் வாசலில் நின்று கூப்பிட வேண்டும். ஆள் அனுப்பிக் கூப்பிட்டால் வர மாட்டார்கள், வரவும் கூடாது. இஞ்ஞாசியால் கிணற்றடியைத் தாண்ட முடியாது. வருடங்கள் போய்விட்டன.

தினமும் காலையில் மேட்டின் மேல் ஊதாப் பூக்கள் விரியும் நேரத்தில் அவர் இடது கையைக் கொஞ்சம் திறந்து பார்ப்பார். நுனி சுருண்டு கிடக்கும். டவுனிலிருந்து அவருக்கு வரும் சேதி அது ஒன்றுதான். தினமும் அதே சேதி. மறுபடியும் கையை மூடிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்.

நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பவருக்கு யோசனை அதிகம். ஆனால் இஞ்ஞாசிக்கு யோசிக்கக் கிடைத்த விஷயங்கள் குறைவு, அதனால் அவற்றையே திரும்பத் திரும்ப யோசித்தார். அவள் காத்திருக்காததால் கொடி என் கையில் நிற்கிறதா, கொடி நிற்பதைப் பார்த்ததால் அவள் காத்திருக்காமல் போனாளா? அன்று அந்தக் கேள்வியைக் கேட்காமல் சோற்றை மட்டும் சாப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கேட்டதுகூடப் பரவாயில்லை, பதிலுக்குப் பதில் சொல்லியிருக்கலாம் அல்லவா? சில நாட்களில் வேறொரு சந்தேகமும் வரும். கொடிக்கு உண்மையிலேயே எங்காவது போக விருப்பமா? அதை யாரும் விட்டுப் பார்த்ததில்லை. இந்த யோசனையை மட்டும் அவர் சீக்கிரம் நிறுத்திவிடுவார். தொடர்ந்தால் நாற்காலியில் உட்கார முடியாமல் போகும்.

ஒரு வியாழக்கிழமை காலை, டவுன் பஸ் கோயில் முன்னால் திரும்பி நின்றதும் கண்டக்டர் சுடலை இறங்கி மேட்டுக்கு வந்தான். டீ குடிக்கும் நேரத்தில் அவன் அங்கு வந்ததில்லை.

“அண்ணாச்சி, உம்ம மச்சினரு ரொசாரியோ வீட்ட வித்துட்டாரு. சனிக்கிழமை சாயங்கால ரயிலுக்கு எல்லாரும் பம்பாய்க்குப் போறாவ, மவன்கூட இருக்க. அக்காவும் போறாவ.”

“யாரு சொன்னா?”

“அக்காவேதான். பஸ் ஸ்டாண்டுல நின்னாவ. இந்த வண்டி குருசடிமுனைக்குத்தான போவுதுன்னு கேட்டாவ. ஆமா, ஏறுங்கன்னேன். ஏறல.”

இஞ்ஞாசி கையைத் திறந்து பார்த்தார். கொடி அசையாமல் இருந்தது. சுடலையும் எட்டிப் பார்த்துவிட்டு, தான் பார்க்கவில்லை என்பதுபோலக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“சனிக்கிழமை பத்து மணி வண்டியில வாரேன்னு சொல்லு” என்றார் இஞ்ஞாசி.

சுடலை அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னான். அந்தத் தடத்தில் அத்தனை வருடமாக ஓடுகிறான். அந்த ஊரில் யாரும் எப்போது வருவேன் என்று சொல்லி அவன் கேட்டதில்லை. இஞ்ஞாசி இன்னொரு முறை சொன்னார். கரைக்கு வந்துகொண்டிருந்த அலை பாதியில் நின்று கேட்டுவிட்டுப் பிறகு வந்தது.

அன்று மாலை வண்டியில் சுடலை பதில் கொண்டுவந்தான். அக்காவிடம் சொல்லிவிட்டதாகவும், அவள் ‘அப்படியா’ என்றதாகவும் சொன்னான். வேறொன்றும் சொல்லவில்லையா என்று இஞ்ஞாசி கேட்டார். இல்லை, ‘அப்படியா’ மட்டும்தான் என்றான் சுடலை. கொடி அப்போதும் அசையவில்லை. சொன்ன வார்த்தையை அவள் நம்பவில்லை என்று இஞ்ஞாசிக்குப் புரிந்தது. நம்பியிருந்தால் கை காலியாகியிருக்கும்.

இதற்குள் விஷயம் ஊர்க்கமிட்டிக்குப் போயிருந்தது. தலைவர் தல்மேதா நாலு பேரோடு மேட்டுக்கு வந்தார். ஒரு நாளைக்கு மட்டும் கொடியைப் பிடிக்க ஒரு ஆள் கிடைத்தால் போதும், இஞ்ஞாசி போய்வரட்டும், ஊரில் அப்படி ஓர் ஆள் இல்லாமலா போய்விடும் என்றார். எல்லாருக்கும் உடனே நினைவுக்கு வந்தது லெயோன்தான். ஏலக்கூடத்தின் ஓரத்தில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் படுத்துக்கிடக்கிறவன். உறவு என்று யாரும் கிடையாது. கூப்பிட்டதும் வந்து, வலது கை இடது கை இரண்டையும் நீட்டினான். எந்தக் கை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றான்.

நுனியை அவன் கையில் வைத்தார்கள். வைத்த வேகத்தில் வழுக்கியது.

இன்னொரு முறை வைத்தார்கள். மறுபடியும் வழுக்கியது. கூடியிருந்தவர்கள் யாராக இருக்கும் என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். டீக்கடை மரியபுஷ்பம், ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த கண்ணாடி டம்ளரை எடுத்து மறுபடியும் துடைக்க ஆரம்பித்தாள். லெயோன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்று மாலை அவன் குளித்தான்.

அடுத்ததாகப் பங்குச்சாமியார், தனக்குக் குடும்பம் இல்லை, தானே பிடிக்கிறேன் என்று முன்வந்தார். அவர் கையிலும் வழுக்கியது. அவர் தலையை உயர்த்தி மேலே ஒருமுறை பார்த்தார். பிறகு, ஆயர் இல்லத்திலிருந்தும் இருக்கலாம் என்றார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வந்தார். மகன்கள் வெளிநாட்டில், மனைவி இல்லை, போன் வருவதும் நின்றுவிட்டது. அவர் கையில் நுனி கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதுவும் வழுக்கியது. வாத்தியார் வீட்டுக்குப் போய், மாடியறைக் கட்டிலுக்கு வெளுத்த விரிப்பு போட்டு வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் மேட்டின் அடியில் வரிசை நின்றது. இஞ்ஞாசிக்குப் பதிலாகப் பிடிக்க வந்தவர்கள் இல்லை அவர்கள். தங்களுக்காக யாராவது காத்திருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள். வடக்கூரிலிருந்தும் வந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் நுனியைக் கையில் வாங்கி, அது வழுக்கியதும், நல்ல சேதி கேட்டவர்களைப்போல வேட்டியை உதறிக்கொண்டு போனார்கள். வழுக்கிய கொடி ஒவ்வொரு தடவையும் மணலில் ஒரு சுற்றுச் சுற்றி, நேராக இஞ்ஞாசியின் கைக்கே வந்து சேர்ந்தது. அது வரும் வழியில் அவர் கையை விரித்து வைத்திருந்தார். ஒருவர் கையிலாவது நின்றுவிடாதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அப்படி ஆசைப்படுவது எவ்வளவு கெட்ட ஆசை என்பதும் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. இருந்தாலும் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, இவனாக இருக்கலாம், இவளாக இருக்கலாம் என்று கணக்குப் போட்டார். மாலைக்குள் வரிசை தீர்ந்துவிட்டது. சுற்றுவட்டாரத்தில் அவர் ஒருவர்தான் என்று உறுதியாயிற்று.

கமிட்டி மறுபடியும் கூடியது. கொடி ஆளை விடாதென்றால் ஆள் கொடியோடு போவதுதான் வழி, மேட்டையும் கூட்டிக்கொண்டு போகட்டும் என்று தல்மேதா சொன்னார். மேடு இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட வெளியே போனதில்லை, அதற்கும் ஒரு மாறுதலாக இருக்கும் என்றார். மேடு திரும்பாவிட்டால் யார் பொறுப்பு என்று ஒருவர் கேட்டார். கடலிடம் சொல்ல வேண்டிய முறைப்படி சொன்னார்கள். வள்ளங்களின் சொந்தக்காரர்களில் வயதில் மூத்த சம்மாட்டி முழங்கால் தண்ணீரில் இறங்கி, முதுகைக் காட்டாமல் நின்று, ஒரு நாள் மேடு இருக்காது, விளக்கு வைப்பதற்குள் வந்துவிடும், அதுவரை இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடல் கொஞ்சம் யோசித்துவிட்டு உள்வாங்கியது.

எல்லாம் முடிவான பிறகு இஞ்ஞாசிதான் தயங்கினார். கையைத் திறந்து எல்லாரிடமும் காட்டினார். கொடி சுருண்டு கிடந்தது.

“அவ எனக்காகக் காத்துகிட்டு இல்ல. இந்தா, பாத்துக்கிடுங்க. அப்புறம் எதுக்கு நான் போவணும்?”

கமிட்டிக்காரர்கள் தல்மேதாவைப் பார்த்தார்கள். புதுச் சட்டை போட்டு ஓரமாக நின்றிருந்த லெயோன்தான் பேசினான்.

“நாம காத்துகிட்டு நிக்கோம்னா பஸ்ஸு வருது? அது வார நேரத்துக்கு அது வருது. போயிட்டு வாருமய்யா.”

சனிக்கிழமை காலை இஞ்ஞாசி வெள்ளை வேட்டி கட்டி, பஸ்ஸில் இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தார். இடது கை மூடியிருந்தது. கொடி ஜன்னல் வழியாக வெளியே போய், பின்னால் நீண்டது. டிரைவர் மெதுவாக எடுத்தார். மேடு எழுந்து, ஒருமுறை உதறிக்கொண்டு, பஸ்ஸுக்குப் பின்னால் வந்தது. பூக்கள் எல்லாம் விரிந்திருந்தன. வேகத்தடை வரும் இடங்களில் அது கொஞ்சம் தாமதித்தது, அப்போது சுடலை விசில் ஊதி வண்டியை நிறுத்தி வைத்தான். எதிரே வந்த லாரிகள் ஒதுங்கி வழிவிட்டன.

இஞ்ஞாசி அந்த ரோட்டைப் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது. வழியில் ஒரு குளத்தங்கரையில் ஒரு பெண் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இடது கை மூடியிருந்தது. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் இடது கை மூடியிருந்தது. இஞ்ஞாசி அவர்களைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அவர்களும் அசைத்தார்கள்.

ரொசாரியோவின் வீடு இருந்த தெரு குறுகலானது. அதன் முனையில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து, தெருவின் நுனியைப் பிடித்திருந்தார். மேட்டைத் தெருவுக்கு வெளியே நிறுத்திவிட்டு வரும்படி அவர் சொன்னார். கொடி நீளமாக இருந்ததால் அது முடிந்தது. மேடு முனையில் நின்று, தெருவுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டு வாசலில் கட்டிய பெட்டிகள் இருந்தன. உள்ளே சாமான்களை ஒதுக்கிவைக்கும் சத்தம். இஞ்ஞாசி வாசலுக்கு நேரே நின்று, தொண்டையைச் செருமினார். விக்டோரியா பழைய தினசரியில் ஒரு சட்டியைச் சுற்றியபடியே வெளியே வந்தாள். தலை நரைத்திருந்தது. அவரைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், கொடி போகும் வழியைப் பார்த்தாள், தெருமுனையில் நின்ற மேட்டைப் பார்த்தாள்.

“அதையும் கூட்டிட்டு வந்தீராக்கும்?”

“பிடிக்க வேற ஆளு இல்ல.”

அவள் கையைத் திறக்கச் சொன்னாள். அவர் திறந்தார். நுனி சுருண்டு கிடந்தது. 

“வாரேன்னு சொல்லிவிட்டீரு. நான் நம்பல” என்றாள் விக்டோரியா. “நம்பாதவ எப்படிக் காத்துகிட்டு இருப்பா? சட்டிய கட்டிக்கிட்டு இருந்தேன்.”

“தெரியும். இங்க வார வரைக்கும் அது அசையல.”

“தெரிஞ்சுமா வந்தீரு?”

“ஆமா” என்றார் அவர். பிறகு, கூப்பிட வந்தவர் சொல்ல வேண்டியதை, வேண்டிய முறைப்படி சொன்னார். “விக்டோரி, வா, வீட்டுக்குப் போவோம்.”

விக்டோரியா சட்டியைச் சுற்றிய தாளின் ஓரங்களை ஒவ்வொன்றாக உள்ளே மடித்தாள். உள்ளேயிருந்து ரொசாரியோ சாயங்கால ரயிலுக்குள் எல்லாம் கட்டியாக வேண்டும் என்று குரல் கொடுத்தார்.

“இங்க எம்புட்டு நேரம் நிப்பீரு?”

“நீ வார வரைக்கும் நிப்பேன்.”

“அப்ப நில்லும். எங்கயும் போயிராதேயும். வாரேன்” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அவள் வாசற்படியைத் தாண்டிய அதே நேரத்தில் இஞ்ஞாசியின் உள்ளங்கையில் ஏதோ குளிர்ந்தது. குனிந்து பார்ப்பதற்குள் நுனி சுண்டுவிரலைத் தாண்டிவிட்டது. பால் பட்ட கையைத் துடைத்துக்கொண்டு அவர் நிமிர்ந்தபோது, கொடி தெருவில் வளைந்து வளைந்து போய் மேட்டை அடைந்திருந்தது. ஓடிப் பிடிக்கலாம் என்று கால் ஓர் அடி எடுத்தது. ஆனால் அவரை நிற்கச் சொல்லியிருந்தாள். அவர் அடியைத் திரும்ப வைத்துக்கொண்டு நின்றார். மேடு சாவகாசமாகத் திரும்பி, வந்த ரோட்டிலேயே கிழக்கே நடக்க ஆரம்பித்தது. வீட்டுக்குப் போகிறவர்கள் போவதைப்போலப் போனது. வேகத்தடையில்கூட நிற்கவில்லை. விட்டால் அது எந்தப் பக்கம் போகும் என்று அவர்கள் ஊரில் யாரும் பார்த்ததே இல்லை.

அவர் நின்றார். வெயில் ஏறி, பிறகு சாய்ந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாக வாசலுக்கு வந்தன. விக்டோரியா வரவில்லை. இடது கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. முதலில் தொங்கவிட்டார், பிறகு சட்டைப்பையில் வைத்தார், பிறகு வலது கையால் அதைப் பிடித்துக்கொண்டார். கை காலியாக இருப்பது நல்ல சேதிதான். ஆனால் அது காலையில் வந்த சேதி. இப்போது உள்ளே என்ன நினைக்கிறாள் என்று பார்க்க அவரிடம் ஒன்றும் இல்லை. இத்தனை வருடமும் எந்த நேரமும் திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டிருந்த மனிதர், ஒன்றுமே தெரியாமல் நின்றார். எல்லாரும் இப்படித்தான் நிற்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தார். எப்படி நிற்கிறார்கள் என்றுதான் புரியவில்லை.

காக்கிச் சட்டைக்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்து, தெருவின் நுனியை இழுத்துக்கொண்டு அவரிடம் வந்தார்.

“காலைலேருந்து ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கேன் சார். ஒரு டீ குடிச்சிட்டு வந்துடுறேன். கொஞ்சம் பிடிச்சுக்குங்க. உங்களுக்குப் பழக்கம்தானே” என்றார்.

இஞ்ஞாசி இடது கையை நீட்டினார். தெருவின் நுனி தடித்த துணியின் ஓரம்போல இருந்தது. வெயிலில் சூடாகியிருந்தது. தார் வாசனை அடித்தது. அவர் அதை மூடிக்கொண்டார். அது கையில் பேசாமல் இருந்தது.

காக்கிச் சட்டைக்காரர் முனை திரும்பி மறைந்தார். அது அப்போதும் பேசாமல் இருந்தது. உள்ளே சாமான் சத்தம் நின்றுவிட்டிருந்தது. இஞ்ஞாசி கையைத் திறந்து பார்க்கத் துணியவில்லை. பின்வாசல் வழியாக ஆட்டோவில் ஏறிப் போயிருப்பார்கள். ‘வாரேன்’ என்று அவள் சொன்னதும், இத்தனை வருடம் அவர் சொல்லாமல் போனதும் சரிக்குச் சரியாகப் போயிற்று. தெரு அவருடைய கையில் நன்றாகப் பொருந்தியிருந்தது. இனிமேல் இந்தத் தெருவில்தான் போலிருக்கிறது, ஒரு நாற்காலி வேண்டும், ஸ்பேனர் பெட்டியைச் சுடலையிடம் சொல்லி வரவழைக்க வேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போது, விரல்களுக்கு நடுவில் அது மெல்ல அசைந்தது. அசைந்து, கட்டைவிரலைச் சுற்றி, வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

தெரு, புறப்படும் பஸ்ஸைப்போல முதலில் கொஞ்சம் பின்னால் போய், பிறகு முன்னால் நகரத் தொடங்கியது. முதலில் ஒரு தையல்கடை அவரைக் கடந்து போனது. பிறகு ஒரு துணி காயும் கொடி, நிறுத்தி வைத்த ஸ்கூட்டர், தூங்கிக்கொண்டிருந்த ஒரு நாய். பிறகு ரொசாரியோவின் வீடு வந்தது. வாசற்படியில் விக்டோரியா ஒயர் கூடையும் காகிதம் சுற்றிய சட்டியுமாக நின்றிருந்தாள். வீடு அவருக்கு நேராக வந்தபோது, ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களைப்போல இடது காலை முதலில் வைத்து இறங்கினாள். ஜன்னலில் ரொசாரியோ கையசைத்தார். தெரு ஸ்டேஷன் பக்கமாகத்தான் போனது. அவருக்கு வண்டி பிடிக்கும் வேலை மிச்சம்.

“நிக்கச் சொன்னேனே, நின்னீரா?”

“நின்னேன்.”

“செருப்பக் காணல. தேடிக்கிட்டு இருந்தேன். இந்தாரும், பிடியும்” என்று கூடையைக் கொடுத்தாள். அவர் அதை இடது கையில் வாங்கிக்கொண்டார்.

காக்கிச் சட்டைக்காரர் இரண்டு கைகளிலும் டீ டம்ளரோடு திரும்பி வந்தார். ஒன்று இஞ்ஞாசிக்கு. தெரு இருந்த இடத்தில் வெறும் மண் கிடந்தது.

“எந்தப் பக்கம் போச்சு?”

“மேக்க.”

அவர் மேற்கே பார்த்தார். பிறகு விக்டோரியாவைப் பார்த்தார்.

“உங்களுக்கு ஆள் இருக்குன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்.”

“எனக்கே தெரியாது” என்றார் இஞ்ஞாசி.

காக்கிச் சட்டைக்காரர் அதை ஒப்புக்கொண்டார். ஒரு டீயை விக்டோரியாவிடம் கொடுத்தார். அவள் பாதி குடித்துவிட்டு மீதியை இஞ்ஞாசியிடம் நீட்டினாள். விளக்கு வைக்க இன்னும் நேரம் இருந்தது. இருவரும் வெறும் மண்ணில் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் இஞ்ஞாசி திரும்பிப் பார்த்தார். காக்கிச் சட்டைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒன்றுமில்லாத இடது கையை மூடிக்கொண்டு, தெரு இருந்த இடத்தைப் பிடித்திருந்தார்.